பிரசவத்துக்குப் பின் இறங்காத வயிறு: ஆபரேஷன் தேவைதானா?

"குழந்தைக்கு ரெண்டு வயசாச்சு. இன்னும் 'எத்தனை மாசம்?'னு கேட்டு, பஸ்ஸிலே எழுந்து இடம் கொடுக்கறாங்க!" இப்படிச் சொல்லிச் சிரித்துவிட்டு, உள்ளுக்குள் அழுகிற பெண்கள் நம்மில் எத்தனை பேர்!

பாட்டிமார் காலத்தில் பிரசவமான கையோடு பழைய நூல் புடவையைக் கிழித்து வயிற்றை வரிந்து கட்டிவிடுவார்கள். அது முதுகுக்கு ஆதரவாக, இதமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் கட்டினால் கொழுப்பு கரையாது, நெகிழ்ந்த தோலும் சுருங்காது. இன்றைக்குப் புடவைத் துணி போய் பெல்ட் வந்தாயிற்று. போதாக்குறைக்கு, செல்போனைத் திறந்தால் "ஒரே நாளில் தொப்பை போகும்" என்று விளம்பரம். லைப்போசக்ஷன், மினி டம்மி டக், டம்மி டக் என்று பெயர்கள் வேறு.

பெயரைப் பார்த்து ஆபரேஷனைத் தேர்ந்தெடுப்பது, நோயைச் சொல்லாமல் கடையில் மாத்திரை வாங்குவது போலத்தான். நம் வயிறு எதனால் முன்னே நிற்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு காரணங்கள்

ஒன்று, தோலுக்கு அடியில் சேர்ந்த கொழுப்பு. இரண்டு, நீட்டி விரிந்து, மறுபடி சுருங்காமல் தொங்கும் தோல். மூன்று, தசை விலகல். வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக இரண்டு பட்டைத் தசைகள் இருக்கின்றன. குழந்தை வளர வளர, அவற்றை இணைக்கும் நார்ப்பகுதி அகன்று, தசைகள் இரு பக்கமும் ஒதுங்கிவிடும். நான்கு, ஹெர்னியா. தொப்புள் பக்கத்திலோ, சிசேரியன் தழும்பின் அருகிலோ ஒரு சந்து விழுந்து, இருமினால் முடிச்சு மாதிரி புடைக்கும்.

சிலருக்கு இதில் ஒன்று, பலருக்கு இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே இரண்டு விரலை வைத்து, தலையையும் தோளையும் மட்டும் லேசாகத் தூக்குங்கள். இரண்டு விரலுக்கு மேல் அகலமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் தசை விலகி இருக்கலாம். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

என் அக்கா பெண், ஒல்லியான உடம்புக்காரி. வயிறு மட்டும் பந்து போல நின்றது. "சித்தி, லைப்போசக்ஷன் பண்ணிக்கப் போறேன். நீங்க கூட வாங்க" என்றாள். பிளாஸ்டிக் சர்ஜன் அவளைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு உறிஞ்சி எடுக்கக் கொழுப்பே இல்லையேம்மா! தசைதான் விலகியிருக்கு. இன்னொரு குழந்தை பெத்துக்கற எண்ணம் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றாள். "அப்போ ஆபரேஷன் இப்போ வேண்டாம்" என்று பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பிவிட்டார். மூன்று மாதப் பயிற்சியில் முதுகுவலி நன்றாகவே குறைந்தது. வயிறு முழுக்க உள்ளே போகவில்லை. ஆனால் கொழுப்பே இல்லாத இடத்தில் ஊசிக்குழாயை விட்டுக்கொண்டு பணத்தைக் கரைக்கவில்லை!

தசை விலகல் உள்ளவர்கள், படுத்து எழும் 'சிட்-அப்' பயிற்சியைத் தாமாகவே செய்யக் கூடாது. நடுவயிறு கூம்பு மாதிரி புடைத்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

எது எதற்கு?

லைப்போசக்ஷன்: சிறு துளைகள் போட்டு, குழாய் வழியாகக் கொழுப்பை உறிஞ்சுவது. தோல் இறுக்கமாக இருந்து, அங்கங்கே கொழுப்பு மட்டும் சேர்ந்தவர்களுக்குத்தான் இது. தொங்கும் தோல் இதனால் இன்னும் தொளதொளக்கலாம். தசை விலகலும் சரியாகாது. குடலைச் சுற்றி உள்ளே சேரும் கொழுப்பை இது தொடவே தொடாது. அதற்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும்தான் வழி.

மினி டம்மி டக்: தொப்புளுக்குக் கீழே மட்டும் தோல் தொங்கினால், அதை வெட்டி எடுத்துத் தைப்பது. தொப்புளை இடம் மாற்றுவதில்லை.

டம்மி டக்: பெரிய ஆபரேஷன். அடிவயிற்றில் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை கீறி, விலகிய தசைகளைத் தைத்துச் சேர்த்து, மிச்சத் தோலை எடுத்து, தொப்புளைப் புது இடத்தில் பொருத்துவார்கள். தழும்பு ஆயுசுக்கும் இருக்கும். பிரசவ வரிகளில், வெட்டி எடுக்கும் தோலில் உள்ளவை மட்டுமே போகும். உடம்பு எடை குறைக்கும் வைத்தியம் அல்ல இது.

ஹெர்னியா இருந்தால் அது அழகுப் பிரச்னை இல்லை, நோய். புடைப்பு வலித்து, உள்ளே போகாமல் நின்று, வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸில் பொதுவாகப் பணம் வராது. ஹெர்னியாவுக்கு, பாலிசி விதிப்படி கிடைக்கும்.

அவசரம் வேண்டாம்

வயிறு தானாக இறங்கவே மாதக்கணக்காகும். குறைந்தது ஆறு மாதமாவது போகட்டும். தாய்ப்பால் நிறுத்தி, எடை ஒரே நிலையில் நின்ற பிறகே யோசியுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பமானால் தைத்த தசை மறுபடி நெகிழும். ஆகவே, இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கே டம்மி டக்.

அப்புறம் வீட்டு நிலைமை. சுமார் ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, கிரைண்டர் கல்லைத் தூக்கக் கூடாது, குழந்தையை இடுப்பில் வைக்கக் கூடாது. அதற்கெல்லாம் ஆள் உண்டா?

ஆபத்தும் உண்டு. தோலுக்கடியில் நீர் கோப்பது, சீழ் பிடிப்பது, அபூர்வமாகக் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலில் அடைப்பது. 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்காகச் சேர்ந்த ஒரு கன்னட சின்னத்திரை நடிகையும், 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் உடல் எடை குறைக்கும் ஆபரேஷனுக்காகச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவரும் உயிரிழந்தார்கள். பியூட்டி பார்லர் விஷயம் போல நினைக்கவே கூடாது.

டாக்டரிடம் கேளுங்கள்

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. படித்தவரா? மயக்க மருந்து டாக்டர் கடைசி வரை கூட இருப்பாரா? அவசரம் என்றால் அங்கேயே ஐ.சி.யு. உண்டா? என் வயிற்றுக்கு நான்கில் எது காரணம்? ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்? கூச்சப்படாமல் கேளுங்கள். "இன்னிக்கே பணம் கட்டினால் தள்ளுபடி" என்று சொல்லும் இடமாக இருந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

வீட்டுக்காரரோ மாமியாரோ கேலி செய்கிறார்கள் என்பதற்காக மட்டும் யாரும் கத்தியின் கீழே படுக்க வேண்டாம். நடக்க, குனிய, உடுத்த நமக்கே கஷ்டமாக இருந்து, நன்கு யோசித்து, நாமே விரும்பிச் செய்துகொண்டால் அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. ஓர் உயிரைச் சுமந்து பெற்ற வயிறு அல்லவா? அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை நமக்குத்தான்!