சிக்கலை வரையறுக்கக் கற்பித்தல்: தலவிலக் கரையில் ஒரு பாடம்

இலங்கையில் க.பொ.த. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயில்வோர், ஒரு நிறுவனத்தின் வேலைகளையும் தகவல் செல்லும் வழிகளையும் ஆராய்ந்து பொருத்தமான ஏற்பாட்டை வகுக்கும் முறைமைப் பகுப்பாய்வையும் கற்கின்றனர். எனினும், பயிற்சி வினாக்களில் நூலகமோ மருந்தகமோ பெரும்பாலும் தெளிவாக விவரிக்கப்பட்டே தரப்படுவதால், தரவுப் பாய்ச்சல் வரைபடம் வரையத் தேர்ந்த மாணவரும், சிக்கல் எதுவென்றே உடன்பாடு இல்லாத தொழிலை எதிர்கொள்ளும்போது திகைக்கிறார்.

புனித அன்னம்மாள் திருத்தலத்தால் அறியப்பட்ட தலவில அமைந்துள்ள கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் நடைபெறும் கரைவலைத் தொழில், அத்தகைய பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. படகில் கொண்டுசென்று கடலில் வளைத்து இடப்படும் வலையை இரு அணியினர் கரையில் நின்று இழுக்க, மீன் வலையின் பை போன்ற மடியில் சேர்கிறது. விற்ற பணத்தில் செலவு கழித்து எஞ்சுவது, வலையின் உரிமையாளரான சம்மாட்டிக்கும் இழுத்தவர்களுக்கும் பங்காகப் பிரிகிறது. ‘வருமானம் போதவில்லை’ என்ற ஒரே குறைக்கு, சம்மாட்டி ஆள் பற்றாக்குறையையும், இழுப்பவர் செலவுக் கழிவையும், வியாபாரி மீன் வரத்தின் நிச்சயமின்மையையும் காரணமாகக் காட்டக்கூடும். உழவு இயந்திரத்தில் பொருத்திய வின்ச்சால் வலையை இழுப்பது முதலாமவருக்குத் தீர்வாகத் தோன்றினாலும், இரண்டாமவரின் பிழைப்பையே அது பறித்துவிடும்.

இவ்வகைச் சிக்கலை வரையறுக்கும் விதமே அதன் தீர்வையும் தீர்மானிக்கிறது என்பதை ஆய்வாளர்களான ஹோர்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெபரும் 1973இல் விளக்கினர். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் செக்லண்ட் வளர்த்து, 1981இல் நூலாக வெளியிட்ட மென்முறைமை அணுகுமுறையோ, தீர்வைத் தேடுமுன் சம்பந்தப்பட்டோர், அவர்களின் உறவு, முரண்பாடு ஆகியவற்றை ஒரே தாளில் வரையும் ‘செறிவுப் படம்’ என்னும் கருவியைத் தந்தது. ஒவ்வொருவரின் உலகநோக்கிலிருந்தும் தொழிலின் நோக்கத்தைத் தனித்தனியே எழுதிப் பார்க்கவும் அவ்வணுகுமுறை பழக்குகிறது.

ஆகவே ஆசிரியர், ஆயத்தமான விவரணத்தைக் கொடுக்காமல், கழிவுக் கணக்கை எழுதுபவர் யார், இழுத்தவர்கள் அதைப் பார்க்க முடிகிறதா, தென்மேல் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் குடும்பங்கள் எதை நம்பி வாழ்கின்றன என்பவற்றை மாணவரே கேட்டறியச் செய்ய வேண்டும். வரைபடத்தின் நேர்த்திக்கு மட்டுமன்றி, கேட்டறிந்த சான்றைக் கொண்டு தம் முதல் வரையறையைத் திருத்திய திறனுக்கும் புள்ளி வழங்கப்பட்டால்தான், கணினி தேவைப்படும் இடத்தையும் பங்கு விதியைத் திருத்தினாலே போதுமான இடத்தையும் பிரித்தறியும் பகுப்பாய்வாளர்கள் உருவாவர்.