கரிசலில் இரும்பு விழுந்தால்

தீபாவளிக்கு மறுநாள் மல்லாங்கிணறுப் பக்கம் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: திரி எரிந்தும் வெடிக்காத வெடியைக் கையில் எடுக்காதே. வானத்திலிருந்து விழும் இரும்புக்கும் இது பொருந்தும்.

சில செயற்கைக்கோள்கள் இறங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. உளவுக் கேமராவில் ஃபிலிம் இருந்த காலத்தில், அதைத் தரைக்குக் கொண்டுவந்தால்தான் கழுவிப் பார்க்க முடியும். சோவியத்தின் செனித் 1962 முதல் இப்படிச் சில நாள் சுற்றிவிட்டு இறங்கியது. இஸ்ரோ 2007 ஜனவரி 10இல் எஸ்.ஆர்.இ.-1 என்ற 550 கிலோ கலத்தை ஏவி, 22ஆம் தேதி வங்கக் கடலில் இறக்கி மீட்டது. கடலைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. 2004 அக்டோபரில் சீனாவின் இதே வகைக் கலம் ஒன்று சிச்சுவானில் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

 

இறங்குவதற்கென்று செய்யாததும் விழுவதுண்டு. 2022 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் விழுந்தது. நம் காட்டில் அப்படி ஏதாவது கிடந்தால் கிட்டே போகாதீர்கள். தொட்டி போலிருந்தால் உள்ளே ஹைட்ரசீன் மிச்சமிருக்கலாம். மூச்சில் போனாலும் தோலில் பட்டாலும் நஞ்சு. தூரத்திலிருந்து படம் எடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, 112க்கும் வி.ஏ.ஓ.வுக்கும் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போட நினைக்க வேண்டாம். எங்கே விழுந்தாலும் அது அதன் உரிமையாளருக்கே சொந்தம் என்கிறது 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம்.

கூரையோ பயிரோ சேதமானால்? 1972ஆம் ஆண்டுப் பொறுப்பு உடன்படிக்கைப்படி, ஏவிய நாடு தவறு செய்ததா என்ற கேள்வியே இல்லை. தரையில் நேர்ந்த சேதத்துக்கு அது ஈடு தந்தாக வேண்டும். ஆனால் இந்த வழியில் நீங்கள் நேராகக் கேட்க முடியாது. இந்திய அரசு உங்களுக்காகக் கேட்க வேண்டும், அதுவும் ஓராண்டுக்குள். எனவே காவல் நிலையத்தில் புகாருக்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது, காயம்பட்டிருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டு, வி.ஏ.ஓ. அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்துத் திங்கட்கிழமை மனுநாளில் ஆட்சியரிடம் கொடுத்துவிடுங்கள். இப்படிக் கேட்டு வாங்கிய நாடு உண்டு: 1978இல் கனடாவில் அணுக் கதிர்வீச்சுடன் சிதறிய சோவியத் உளவுக்கோள் காஸ்மாஸ் 954க்காக அந்நாட்டு அரசு 60 லட்சம் டாலர் கேட்டு, 1981இல் 30 லட்சம்தான் வாங்கியது.

விழுந்தது நம் நாட்டுக் கலமாகவே இருந்தால்தான் சிக்கல். ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. சிச்சுவான் வீட்டுக்காரருக்கும் அதே நிலைதான். அந்நியர் இரும்புக்கு எழுதிவைத்த வழி நம் இரும்புக்கு இல்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. நம் நாட்டுக்கென 2017இல் வெளியான விண்வெளிச் செயல்பாடுகள் மசோதா வரைவு இன்னும் சட்டமாகவில்லை. மிச்சமிருப்பது உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். அபாயகரமான தொழில் நடத்துபவர் சாக்குச் சொல்லாமல் இழப்பீடு தர வேண்டும் என்று 1986இல் தில்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அங்கே எடுத்துவைக்கலாம்.