வெடிப்பு விழுந்த டிங்கி கார்கள்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இருந்த மெக்கானோ நிறுவனம் 1934 முதல் ‘டிங்கி’ என்ற பெயரில் விற்ற பொம்மைக் கார்கள் இவை. உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்கள் பலவற்றில் வெடிப்பும் வீக்கமும் தெரியும். குழந்தைகள் போட்டு உடைத்ததல்ல அது. கலவையில் சிறிதளவு ஈயம் சேர்ந்துவிட்டாலும், ஈரக்காற்று பட்டு உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, கடைசியில் பொடியாகிவிடும். இதற்கு மருந்தில்லை, உலர்ந்த பெட்டியில் வைத்து அரிப்பின் வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

உலோகம் நன்றாக உள்ள கார்களைச் சேகரிப்பாளர்கள் பிரித்து, பழைய பெயின்ட்டைக் கரைத்து நீக்கி, புது டயர் மாட்டி, விரும்பிய நிறம் பூசுகிறார்கள். அழகான கைவேலைதான். ஆனால் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் தொழிற்சாலையில் பூசிய முதல் பெயின்ட்டே வரலாற்றுச் சான்று. உங்களிடம் அப்படியொரு கார் இருந்தால் அந்தப் பெயின்ட்டை அழித்துவிடாதீர்கள்.