ஆதரவு முடிந்த சர்வரும் ஏலக்காய்ப் பருவமும்

2017 மே மாத நடுவில் தென்னக ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கணினிகள் முடங்கின. பணியாளர் பிரிவு, கணக்குப் பிரிவு ஆகியவற்றின் கோப்புகள் பூட்டப்பட்டு, திறப்பதற்குப் பணம் கேட்கும் அறிவிப்பு திரையில் தோன்றியது. அவ்வாரம் உலகெங்கும் பரவிய ‘வானாக்ரை’ வைரஸின் வேலை அது. ரயில் போக்குவரத்து பாதிக்கப்படவில்லை என்பது ஆறுதல்.

அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஆதரவு நடப்பிலிருந்த இயங்குதளங்களுக்கு மட்டும். 2015 ஜூலையில் ஆதரவு முடிந்த விண்டோஸ் சர்வர் 2003-க்குத் திருத்தம் வந்தது தாக்குதல் தொடங்கிய பிறகே. ஆதரவு முடிந்த சர்வர் வழக்கம்போல் ஓடும். அதனாலேயே உரிமையாளர்கள் கவலைப்படுவதில்லை.

விண்டோஸ் சர்வர் 2012-க்கும் அதன் ஆர்2 பதிப்புக்கும் 2023 அக்டோபர் 10 அன்று ஆதரவு முடிந்தது. கட்டணம் செலுத்திப் பெறும் நீட்டிப்புக்கும் 2026 அக்டோபர் 13 இறுதி நாள். சென்ட்ஓஎஸ் 7-இன் காலம் 2024 ஜூன் 30 உடன் முடிந்தது. கஞ்சிக்கோட்டில் தொழிற்கூடம் நடத்துபவராயினும், குமுளியிலோ வண்டன்மேட்டிலோ ஏலக்காய் வணிகம் செய்பவராயினும், தம் கணக்கறைச் சர்வரில் எது ஓடுகிறது என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

புதிய சர்வர் வாங்குவது எளிய பகுதி. பழையதை நம்பி எவையெல்லாம் இயங்குகின்றன என்று கண்டறிவதுதான் கடினம். கணக்கு மென்பொருள் நினைவுக்கு வரும். எடைமேடையின் பதிவும், சம்பளப் பட்டியலை வங்கிக்கு அனுப்பும் கோப்பும், பழைய அச்சுப்பொறியும் மறந்துபோகும். ஒரு முழு மாதச் சுழற்சியைக் கவனித்துப் பட்டியலிடுவது நல்லது.

அடுத்தது காப்புநகல். எடுத்துவைத்தால் மட்டும் போதாது. வேறொரு கணினியில் அதை மீட்டு, சென்ற ஆண்டுப் பேரேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். இறுதி நிலுவைகளை மட்டும் புதிய மென்பொருளில் ஏற்றிவிட்டுப் பழைய தரவை அழித்துவிடுவோரும் உண்டு. கம்பெனிச் சட்டப்படி எட்டு நிதியாண்டுகளின் கணக்குகளைக் காக்கவேண்டியிருக்க, இது ஆபத்தான சுருக்கவழி. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் பதிவாக வேண்டும் என்ற விதியும் உள்ளது. அப்பதிவும் உடன் செல்ல வேண்டும்.

நாள் குறிப்பதில் ஊரின் வழக்கம் அறிந்தவரே சிறந்த ஆலோசகர். ஏலக்காய் அறுவடை ஆடி, ஆவணியில் தொடங்கித் தை வரை நீளும். மார்ச் ஆண்டு முடிப்புக்கு உரியது. எனவே வணிகருக்கு ஏப்ரல், மே மாதங்களே ஏற்றவை. அவற்றிலும் ஜிஎஸ்டி படிவம் செலுத்தும் 20ஆம் தேதிக்குப் பிந்தைய வாரம். ஜூனில் மழை தொடங்கினால் இடுக்கி மலையில் மின்சாரத்தை நம்ப முடியாது. பாலக்காட்டுத் தொழிற்கூடங்களுக்கு ஓண விடுமுறை பொருந்தும்.

மாற்றியபின் சில வாரங்கள் இரு சர்வர்களின் கணக்குகளையும் ஒப்பிடலாம். பழையதை அதற்குள் இணையத்திலிருந்து துண்டித்துவிட வேண்டும். கணக்குகள் ஒத்துவந்தபின், அதில் சேமித்திருந்த இணைய வங்கிக் கடவுச்சொற்களை மாற்றி, வட்டை முற்றிலும் அழித்த பிறகே பழைய பொருள் வியாபாரியிடம் கொடுக்கலாம்.