பிட்காயின் சூடும் எங்க ஊர் ஜவ்வரிசியும்

போன ஐப்பசி மழையில் ஆத்தூர்ப் பக்கம் எங்க மாமாவின் சேகோ ஆலைக் களத்தில் காயப்போட்ட ஜவ்வரிசி நனைந்து புளித்துப் போச்சு. மாமா ரெண்டு நாள் சரியாப் பேசலை. அப்போதான் 2024-ல் படித்த செய்தி ஞாபகம் வந்தது. பின்லாந்தின் சடகுண்டா பகுதியில் பிட்காயின் எந்திரங்களின் வெப்பத்தால் தண்ணீரைச் சூடாக்கி வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கினாங்க.

இங்கே முடியுமா? கணக்குப் போட்டேன். ஆன்ட்மைனர் எஸ்19 ரக எந்திரம் சுமார் 3,250 வாட் இழுக்கும். அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறும், மணிக்கு 3.25 யூனிட். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 0.63 யூனிட் வேணும். துளி வீணாகாவிட்டாலும் மணிக்கு 5 கிலோ ஈரம்தான் போகும்!

காயவைக்கவென்றே எந்திரம் வாங்கினால் மாமா திவால்தான். (கிரிப்டோ லாபத்துக்கு 2022 முதல் 30 சதவீத வரி வேற.) ஏற்கெனவே வேறு வேலைக்கு ஓடுகிற எந்திரத்தின் சூடுதான் இலவசம். அப்படி ஆலையில் என்ன இருக்கு? ஜவ்வரிசி வறுக்கிற அடுப்பு! அதன் புகைபோக்கி வழியாப் போகிற சூடு, அந்த எந்திரம் ஊதும் காற்றைவிடக் கடுமையானது. புகையைக் குழாய்க்குள்ளேயே விட்டு, குழாயைச் சுற்றிய காற்றைச் சூடாக்கி, மழைநாளில் தட்டுகளுக்கு அனுப்பலாம். புகை மட்டும் ஜவ்வரிசியில் படக்கூடாது.

வரைபடம் போட்டுட்டேன். குழாய்க்கும் விசிறிக்கும் மாமாகிட்ட பணம் கேட்கணும்.