உருமாற்றுவது யார்?

"மலையில இருந்து வாற மந்திரவாதி நெனச்சா கரடியா மாறிருவாம்லா" என்று ஏரலில் நானும் கேட்டிருக்கிறேன். இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. சொல்பவர் யார், சொல்லப்படுபவர் யார்?

இக்கதையாடலின் விலை நீலகிரியில் தெரியும். ஆலுக்குறும்பர்தான் படகர் ஊர்களில் விதைப்புச் சடங்கு நடத்தினார், மருந்து தந்தார், பில்லி விலக்கினார். அதே கைக்கு ஆள்கொல்லும் 'ஒடி' வித்தையும் விலங்காக மாறும் ஆற்றலும் ஏற்றிச் சொல்லப்பட்டன. படகர், தோதவர், கோத்தர் எல்லோருமே அவரை அஞ்சினர். ஊரில் சாவு விழுந்தால் பழி குறும்பர்மேல். 1835, 1875, 1882 ஆகிய ஆண்டுகளில் குறும்பர்கள் கொல்லப்பட்டார்கள். 1900இல் மருத்துவம் பார்த்த ஒருவரின் குடும்பமே பலியானது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் இவை பதிவாகியுள்ளன.

ஒருவரை விலங்காகச் சொல்லிவிட்டால் கொலை வேட்டையாகிவிடுகிறது. ஆக, உருமாற்றும் மந்திரம் இருப்பது கதை சொல்பவரிடம்தான். மலையில் ஒதுங்கி வாழ்பவர் தேடும் அமைதி என்பது, சந்தேகப் பார்வை படாமல் சந்தைக்கு இறங்கி வந்து திரும்பும் உரிமை. நாட்டார் கதை தொகுக்கும் நண்பர்கள் இப்படி ஒரு கதை கிடைக்கும்போது, இதுக்குள்ள யாரோட சாவு மறைஞ்சு கெடக்குன்னும் விசாரித்து எழுத வேண்டும்.