பால் சங்கச் சிப்பந்திகளுக்குத் தொழிற் பயிற்சி

கடன் சங்கத்திற்கு வருஷத்தில் சில நாட்களே செல்லும் அங்கத்தினர், பால் சங்கத்திற்கு நாள்தோறும் இருமுறை வருகின்றார். ஆகவே பாலை அளப்பவர், பரிசோதகர், கணக்கு எழுதுபவர் ஆகிய மூவரின் நடத்தையிலேயே அச்சங்கத்தின் நற்பெயர் நிற்கிறது. மரியாதையாகப் பேசுமாறு அவர்களுக்குப் பஞ்சாயத்தார் புத்தி கூறுவதுண்டு, அது வேண்டியதே. ஆனால் தமது கருவியை அறியாதவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அங்கத்தினரின் சந்தேகம் தீராது.

ஒரு சங்கத்தைப் பார்வையிடச் சென்ற காலையில், ஓர் அம்மாள் கறந்த சூடு ஆறாத பசும்பாலைக் கொணர்ந்தார். பால்மானி 25 காட்டியது. 26க்குக் குறைந்த பாலை ஏற்பதில்லை என்பது அச்சங்கத்தின் வழக்கம். "தண்ணீர் கலந்திருக்கிறது" என்று பரிசோதகர் பலர் முன்னிலையில் கூறிவிட்டார். நான் பாலின் உஷ்ணத்தைப் பார்க்கச் செய்தேன். 34 டிகிரி இருந்தது. அப்பால்மானியோ 27 டிகிரி உஷ்ணத்திற்கென அமைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 கூட்டவேண்டும். அவ்வாறு 1.4 கூட்டவே, சரியான அளவு 26.4 ஆயிற்று. உஷ்ணமானி மேஜையின் இழுப்பறையில் உறையோடு கிடந்தது. அதன் உபயோகத்தை அவருக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. பால் ஏற்கப்பட்டது. ஆயினும் அந்த அம்மாள் மறுநாள் முதல் தனி வியாபாரிக்கே பால் ஊற்றுகிறார் என்று பின்னர் அறிந்தேன்.

செய்முறையை மட்டுமின்றிக் காரணத்தையும் கற்பிப்பதே பயிற்சியாகும். பாலில் தண்ணீர் சேர்த்தால் பால்மானியின் அளவு தாழும். ஆடையை எடுத்தால் உயரும். இரண்டையும் செய்பவர் பால்மானியை எளிதில் ஏமாற்றலாம். இதனை உணர்ந்த பரிசோதகர் கொழுப்புப் பரிசோதனையைக் கைவிடமாட்டார். 1891ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து தேசத்து கெர்பர் என்பவர் வகுத்த முறையில், 10 மில்லிலிட்டர் கந்தகாமிலம், 10.75 மில்லிலிட்டர் பால், 1 மில்லிலிட்டர் அமைல் ஆல்கஹால் ஆகியவற்றைக் குழாயிலிட்டுச் சுழற்றுகின்றனர். அமிலம் கொழுப்பு நீங்கலான மற்றவற்றைக் கரைக்கிறது. கொழுப்பு மேலே தெளிந்து நிற்கிறது. அதில் கரிய துகள்கள் தோன்றினால் அமிலம் மிகக் கடுமையானது என்பதைத் தேர்ச்சி பெற்றவர் கண்டுகொள்வார். கலக்காத பாலின் மேற்பரப்பில் மாதிரி எடுத்தால் கொழுப்பு மிகுதியாகவும், அடியில் எடுத்தால் குறைவாகவும் காட்டும் என்பதையும் அறிவார். இக்காலத்து மின்சார யந்திரங்கள் இச்சிரமங்களைக் குறைத்திருப்பினும், நாள்தோறும் கழுவாத யந்திரம் பிழையையே அச்சடித்துத் தரும்.

மேடைப் பிரசங்கத்தால் இத்தேர்ச்சி வராது. காலைக் கொள்முதல் முடிந்தபின் ஒரே பாலைப் பழைய பரிசோதகரும் புதியவரும் தனித்தனியே சோதித்து, வேறுபாட்டின் காரணத்தைத் தேடவேண்டும். கணக்கு எழுதுபவரும் உடன் அமர்வது அவசியம், "நேற்றைவிட இன்று விலை ஏன் குறைந்தது?" என்ற கேள்வி முதலில் அவரிடமே வருகிறது. கன்று முதலில் குடிக்கவேண்டியதைக் கறந்து ஊற்றி, கொழுப்பு மிகுந்த கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டிருக்கலாம் என்று அவர் விளக்கக் கூடுமாயின், வீண் சச்சரவு எழாது. விளக்கத்தால் திருப்தியடையாத அங்கத்தினர் எதிரிலேயே மறுபரிசோதனை செய்து காட்டலாம்.

இதற்கு வேண்டிய செலவு சில லிட்டர் பாலும், உடையக்கூடிய இரண்டொரு கண்ணாடிக் குழாய்களுமே. அடுத்த மகாசபையில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது, சிப்பந்திகளின் பயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது என்று அங்கத்தினர்கள் கேட்கலாம்.